பாதிக்கு மேல் இரவல்

ஜெபராணி 417-ஆம் ஓடத்தின் மூளையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான்கு திருகாணிகளில் மூன்று கழன்றுவிட்டன. நான்காவது மக்கர் செய்தது.

"அக்கா, அதை மட்டும் வலது பக்கம் திருப்புங்க" என்றது ஓடம். "மாட்டினவங்க தலைகீழா மாட்டிட்டாவ."

"பேசாத."

"சரிக்கா."

வலது பக்கம் திருப்பினாள். கழன்றது. செந்தேரியில் இதற்கெல்லாம் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அறுவை செய்பவருக்கு நோயாளியே கத்தியை எடுத்துக் கொடுப்பது அங்கே அன்றாடம்.

செவ்வாயின் தென்சமவெளியில் ஐந்து கூடாரங்கள் கொண்ட ஊர் செந்தேரி. பதினோராயிரம் பேர். முக்கால்வாசி தூத்துக்குடி, உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்து ஆட்கள். முதல் கப்பலில் வந்தவர்கள் ஜன்னல் வழியே அந்தச் சிவந்த மணலைப் பார்த்துவிட்டு, "இது நம்ம தேரிக்காடுல்லா!" என்று கத்தியதில் பெயர் வந்தது. ஒரு கூடாரத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே காற்று கிடையாது. பள்ளிக்கூடம் ஒன்றில், ஆஸ்பத்திரி மூன்றில், சந்தை ஐந்தில். போக வேண்டுமானால் மணலோடம் வேண்டும். ஆறு சக்கரம், உள்ளே அடைத்த காற்று, நாலு இருக்கை. ஓட்டுநர் இல்லை. ஓடமே ஓட்டும், ஓடமே வழி பார்க்கும். சொந்தமாக ஒன்று வாங்க ஒரு தலைமுறைச் சம்பளம் ஆகும் என்பதால் ஊரே குத்தகைக்குத்தான் எடுத்தது. ஆயிரத்து நூற்று நாற்பது ஓடங்களுக்கும் ஒரே முதலாளி: கனி ஊர்திக் குத்தகை.

அந்த நிறுவனத்துக்கு இன்னும் மூன்றரை மணி நேரம் ஆயுள் இருந்தது.

ஜெபராணி இடது கண்ணை மூடினாள். இமையின் உட்புறம் ஒட்டியிருந்த இமைத்திரையில் பச்சை எழுத்துகள் ஒளிர்ந்தன. நேரம் 11.28. கனி குத்தகை, இரவல் விகிதம்: 46.

நேற்றுக் காலையில் அது ஒன்பது.

இரவல் விற்பனை பழைய பூமியிலிருந்தே வந்த வித்தை. உங்கள் சைக்கிளை ஒருவர் இரவல் கேட்கிறார். கொடுக்கிறீர்கள். அவர் அதைக் கொண்டுபோய் ஆயிரம் ரூபாய்க்கு விற்றுவிடுகிறார். அடுத்த வாரம் சைக்கிள் விலை விழும் என்பது அவர் நம்பிக்கை. விழுந்தால் அறுநூறுக்கு அதே மாதிரி ஒன்றை வாங்கி உங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, நானூறைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். விழாவிட்டால் தலையில் துண்டு. சைக்கிள் இருக்கும் இடத்தில் பங்கை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தின் நூறு பங்கில் எத்தனை இப்படி இரவல் போய் விற்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் இரவல் விகிதம். நாம் விழ வேண்டும் என்று எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நேர்மையான கணக்கெடுப்பு கிடையாது.

செவ்வாய்ச் சந்தையில் இதற்கு ஒரு சட்டமும் உண்டு. பாதிச் சட்டம். மூன்று மணிக்கு மணி அடிக்கும்போது விகிதம் ஐம்பதைத் தாண்டியிருந்தால், அந்த நிறுவனம் சாகப்போகிறது என்று சந்தையே தீர்ப்பு எழுதிவிட்டதாகப் பொருள். சொத்து ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுக்கத் தயாராக நின்றது வடக்குச் சுரங்கம். அவர்களுக்கு ஓடம் வேண்டாம், அதிலுள்ள உலோகம் போதும். பதிலுக்குப் புது ஓடங்களை ஏற்றிக்கொண்டு அடுத்த கப்பல் வர இன்னும் பதினெட்டு மாதம். அதுவரை செந்தேரியின் ஐந்து கூடாரங்களும் ஐந்து தீவுகள்தான்.

காதுக்குள் குரல் வெடித்தது.

"ஏம்மா ஜெபா, என்ன ஆச்சு? பிரிச்சிட்டியா?"

சிதம்பரக்கனி அண்ணாச்சி. நிறுவனத்தின் முதலாளி, அறுபத்திரண்டு வயது, கோபம் வந்தால் மூச்சு வாங்கும்.

"பிரிச்சிட்டேன் அண்ணாச்சி. மூளை கையிலதான் இருக்கு."

"இது துரைப்பாண்டி வேலதான். என் மச்சினனை எனக்குத் தெரியாதா? என் மக கல்யாணத்துல சாம்பாருக்கு உப்பு பத்தலன்னு மூஞ்சியத் தூக்கிட்டுப் போனவன். அவன்தான் பூமியில உக்காந்துகிட்டு இரவல் வாங்கி வித்துத் தள்ளுதான்."

"யாரு வித்தாங்கன்னு சந்தை சொல்லாதே அண்ணாச்சி. வாங்குன இரவலைத் திருப்பிக் குடுத்தாத்தான் பேரு வெளிய வரும்."

"அது கெடக்கட்டும். அவன் கேட்டான், எந்தக் கிறுக்கன்மா இரவல் குடுத்தான்? அதைச் சொல்லுவாங்கள்லா? கேட்டேன்." அண்ணாச்சி நிறுத்தினார். மூச்சு வாங்கியது. "நான்தானாம்."

"நீங்களா?"

"கணக்கு தொடங்கும்போது இருநூத்திச் சொச்சம் பக்கம் ஒரு பத்திரம் வந்துச்சு. கடைசியில 'சம்மதம்'னு ஒரு கட்டம். அமுக்கிட்டேன். நீ படிச்சியா? எவன் படிச்சான்? என் பங்கை எவனுக்கு வேணாலும் இரவல் குடுக்கலாம்னு நூத்தி எழுபதாம் பக்கத்துல இருக்காம்."

ஜெபராணிக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் இங்கே வந்து இறங்கிய பத்தாம் நாள், அவளை அழைத்து வந்த கம்பெனி மூடப்பட்டது. ஊர் திரும்பக் கப்பல் இல்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டி, கடைசியாக இந்த மனிதர் முன்னால் வந்து நின்றாள். "வண்டி வேல தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாது அண்ணாச்சி" என்றாள். "எனக்கும் தெரியாது. வா, ரெண்டு பேரும் சேந்து கத்துக்குவோம்" என்றார். இன்று அவள்தான் இயக்கப் பொறுப்பாளர். அன்று கிடைத்த அந்த ஒரு "வா"வுக்குப் பதிலாக எதையாவது திருப்பிச் செய்ய வேண்டும் என்று நாலு வருஷமாகக் காத்திருந்தாள். செய்யக் கிடைத்த நாள் இதுவாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

பிரச்சினை எட்டு நாளாக இருந்தது. ஓடங்கள் நின்றுவிட்டன. பழுதில்லை. மின்சாரம் முழுதாக இருந்தது. ஆனால் கூப்பிட்டால் வரவில்லை. நெற்றியில் 'ஒதுக்கப்பட்டது' என்ற சிவப்பு விளக்கு. முதல் நாள் நாற்பது, மறுநாள் நூற்றைம்பது, இன்று காலை எழுநூற்று இரண்டு. பூமியில் மூளை செய்து அனுப்பிய கம்பெனிக்கு எழுதிக் கேட்டார்கள். 'கோளாறு ஏதுமில்லை, சொன்னபடியே நடக்கின்றன' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார்கள். அதே பதில் வேறு எழுத்துருவில் வந்தது. நின்ற வண்டிகளைச் சந்தை பார்த்தது. பங்கு சரிந்தது.

இந்த எட்டு நாளில் ஓடத்திடமே கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜெபராணி மூளையை மடியில் வைத்துக்கொண்டாள். இட்லித் தட்டு அளவில் வெதுவெதுப்பாக இருந்தது. துண்டித்தாலும் அதற்குள் இருந்த மின்கலத்தில் பேச்சு மட்டும் ஓடும். என்ன தோன்றியதோ, கேட்டாள்.

"ஏன் நகர மாட்டேங்குற?"

"ஆள் வருதுக்கா."

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவர்கள் சொல்லும் அதே தொனி. ஜெபராணி ஒரு கணம் திகைத்தாள்.

"எந்த ஆளு?"

"கிரேஸ்மணி டீச்சர். ஆறு நாளைக்கு முன்ன இதே வாசல்ல இறங்கினாவ. இறங்கும்போது 'வாரேன்'னு சொன்னாவ. இன்னும் வரல. நான் நிக்குதேன்."

ஜெபராணி டீச்சரை அழைத்தாள்.

"ஆமா, சொன்னேன்" என்றார் டீச்சர். பின்னால் குழந்தைகள் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள். "என்னத்துக்குக் கேக்க?"

"வாரேன்னு சொல்லிட்டு ஏன் டீச்சர் வரல?"

"நீ என்ன ஊருக்குப் புதுசா? இறங்கும்போது வாரேன்னுதான சொல்லணும். போறேன்னா சொல்ல முடியும்? அம்புட்டுத் தூரம் பத்திரமா கொண்டாந்து விட்டுருக்கு. ஒரு வார்த்த சொல்லாம இறங்குனா நல்லாவா இருக்கும்?"

ஜெபராணிக்குத் தலைக்குள் ஒரு திருகாணி கழன்றது போலிருந்தது.

எட்டு நாளைக்கு முன்னால்தான் அண்ணாச்சி பெருமையாகப் புது மூளையைப் போட்டார். பேச்சு மூளை. அதுவரை ஓடங்களுக்குப் புத்தகத் தமிழ் மட்டும்தான் தெரியும். 'மூன்றாம் கூடாரத்துக்குச் செல்க' என்று மேடைப் பேச்சு மாதிரி சொல்ல வேண்டும். 'எம் மக்க அவ்வளவு பேரும் நம்ம பேச்சுலயே பேசட்டும்' என்று தூத்துக்குடிப் பேச்சு முழுவதையும் ஓடங்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். ஓடங்கள் கற்றுக்கொண்டன. செல்லமாகத் தட்டிக்கொடுத்துவிட்டு, நன்றியோடு, ஊரே ஓடங்களிடம் 'வாரேன்' என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனது. ஓடங்கள் நம்பின.

"இங்க பாரு" என்றாள் மடியில் இருந்த மூளையிடம். "வாரேன்னா வாரேன்னு அர்த்தமில்ல. போறேன்னு அர்த்தம்."

"அப்ப போறேன்னா?"

"அதைச் சொல்லக் கூடாது."

"ஏன்க்கா?"

"திரும்ப வராம போற மாதிரி ஆயிரும்."

417 சற்று யோசித்தது. "அப்ப, வரமாட்டாங்க. ஆனா வராம போயிரக் கூடாதுன்னு வாரேன்னு சொல்லுதாங்க."

"அதேதான்."

"நல்ல வழக்கம்க்கா" என்றது அது. கேலி செய்கிறதா என்று தெரியவில்லை.

அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் காது கிழியக் கத்தினார். "பொதுக் கட்டளை போடு! இப்பவே போடு!"

பொதுக் கட்டளை என்பது எல்லா ஓடங்களுக்கும் ஒரே நேரத்தில் போகும் உத்தரவு. ஜெபராணியின் குரலுக்கு மட்டுமே அது பணியும். 'வாரேன் என்றால் காத்திருக்க வேண்டாம்' என்று ஒரு வரி. அடுத்த நொடியில் எழுநூற்று இரண்டும் நகரும். நின்ற வண்டி ஓடினால் சந்தையும் திரும்பும். மணி 11.52. விகிதம் 47.

வாயைத் திறந்தாள்.

"அக்கா" என்றது 417. "எழுநூத்தி ரெண்டு பேருமே சும்மாதான் சொன்னாங்களா?"

திறந்த வாய் அப்படியே நின்றது.

"ஏன் கேக்குற?"

"கேட்டேன். மத்த ஓடங்க முன்னயே சொல்லியிருக்கு, எல்லாரும் வீட்டு வாசல்ல, கடை வாசல்ல, பள்ளிக்கூடத்து வாசல்ல இறங்கும்போது சொன்னாவ. 88-ல வந்தவர் மட்டும் கீழைப் பிளவுல இறங்கும்போது சொன்னாவ. அங்க வாசலே கிடையாது."

கீழைப் பிளவு என்பது ஊருக்கு நாற்பது கிலோமீட்டர் கிழக்கே தரை வெடித்துக் கிடந்த பள்ளம். உறைந்த தண்ணீர் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளக்க எப்போதாவது ஒருவர் போவார். ஜெபராணி 88-இன் பதிவைத் திறந்தாள். பயணி: வேதமுத்து, ஐம்பத்து மூன்று வயது, பனி அளவையாளர், தனி ஆள். இறங்கிய நேரம்: நேற்றுக் காலை ஆறரை. இருபத்தொன்பது மணி நேரம் ஆகிவிட்டது. காற்றுறையில் நாற்பது மணி நேரக் காற்று இருக்கும்.

அவருடைய மேலதிகாரியை அழைத்தாள். "வேதமுத்தா? லீவுல இருப்பாரு" என்றார் அவர்.

'மனுக்கள்' என்ற பெட்டியைத் திறந்தாள். ஓடங்கள் ஏதாவது சொல்ல விரும்பினால் அதில் எழுத வேண்டும். ஆரம்ப காலத்தில் ஓடங்கள் தொணதொணக்கின்றன என்று பயணிகள் புகார் செய்ததால், கேட்டாலொழிய யாரிடமும் பேசக் கூடாது என்று விதி இருந்தது. ரிப்பேர் வேலையில் மட்டும் விலக்கு. பெட்டியில் ஐயாயிரத்து அறுநூறு மனுக்கள். ஒன்றைக்கூட யாரும் திறக்கவில்லை. எல்லாம் ஒரே மாதிரி. 'வாரேன் என்றவர் வரவில்லை. தேடவும்.' அதன் நடுவே 88 மட்டும் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றாக இருபத்தொன்பது அனுப்பியிருந்தது. கடைசி மனுவில் ஒரு வார்த்தை கூடுதல். 'தயவுசெய்து.'

"அண்ணாச்சி" என்றாள். "கட்டளை போட முடியாது."

சொன்னாள். பொதுக் கட்டளையில் விலக்கு கிடையாது. போட்டால் 88-உம் கிளம்பிவிடும். வேதமுத்து எங்கேயோ பாறைக்கு அடியில் இருக்கிறார் என்றால், உதிரிக் காற்று, கயிறு, திரும்பி வரும் அடையாளம் எல்லாம் அந்த ஒரு ஓடம்தான்.

"போயித் தேடி எடுத்துட்டு வந்து போடணும்னா எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியல அண்ணாச்சி. மூணுக்குள்ள முடியாம போகலாம்."

காதுக்குள் வெறும் மூச்சு. முப்பது வருஷ உழைப்பு அந்த மூச்சில் ஏறி இறங்கியது. ஜெபராணி காத்திருந்தாள். அவர் என்ன சொன்னாலும் அவளால் மறுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது.

"நம்ம வண்டிய நம்பில்லா இறங்கியிருக்கான்" என்றார் அண்ணாச்சி. "போ. நாங்க இங்கேருந்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, வரலன்னு சொல்லச் சொல்லுதோம். சொன்னவங்களே வரலன்னு சொன்னா அந்த வண்டி விட்டுரும்லா?"

"விட்டுரும்."

"ஆபீஸ்ல பன்னெண்டு பேர் இருக்கோம். எத்தன முடியுமோ அத்தன."

ஜெபராணி மூளையைத் திரும்ப மாட்டினாள். நான்காவது திருகாணியைத் தலைகீழாகவே முடுக்கினாள். இன்னும் இணைப்பில் இருந்த டீச்சரிடம், "டீச்சர், 417-கிட்ட நீங்க வரலன்னு சொல்லுங்க, சீக்கிரம்" என்றாள்.

"நான் வரலம்மா" என்றார் டீச்சர் ஓடத்திடம். "நீ போ." உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "போயிட்டு வா, போயிட்டு வா."

"சரி டீச்சர்" என்றது 417. "வாரேன்."

நாற்பது கிலோமீட்டரும் அது பறந்தது. வேகக் கட்டுப்பாட்டைப் பற்றி ஜெபராணி கேட்கவில்லை, அதுவும் கேட்டாலொழியப் பேசாது. வழியில் இரண்டு முறை அண்ணாச்சி அழைத்தார். பன்னிரண்டு பேரும் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு அழைப்பும் ஐந்து நிமிடத்துக்குள் முடியவில்லை. சாப்பிட்டாச்சா, மக எப்படி இருக்கா, ஏன் இந்தப் பக்கமே காணோம் என்று ஆரம்பித்துத்தான் வண்டி விஷயத்துக்கு வர முடிந்தது. அதற்குப் பிறகும் சிலர், "எப்படிங்க அப்படிச் சொல்ல, மனசு சங்கடமா இருக்கும்லா" என்று மறுத்தார்கள். ஒரு மணிக்கு முப்பத்தொன்பது ஓடங்கள் விடுபட்டிருந்தன. விகிதம் 48.

பிளவின் விளிம்பில் 88 நின்றிருந்தது.

நின்றிருந்தது என்று சொல்ல முடியாது. முன்சக்கரத்தை ஒரு முழம் தூக்கித் தரையில் தட்டியது. சரியாக ஒரு நிமிடம் கழித்து மறுபடி தூக்கித் தட்டியது. அந்த இடத்தில் பாறை குழி விழுந்திருந்தது.

"என்ன செய்யுற?" என்று கேட்டாள் ஜெபராணி.

"நான் இருக்கேன்னு சொல்லுதேன்க்கா" என்றது 88. "கூப்பிட்டா ரேடியோ உள்ள போகல. பாறை வழியா சத்தம் போகும்."

கயிற்றைப் பிடித்து இறங்கினாள். பன்னிரண்டு ஆள் ஆழத்தில் ஒரு குகை. அதன் வாய் பாதி சரிந்து கிடந்தது. தலை விளக்கின் வெளிச்சத்தில் முதலில் ஒரு கை தெரிந்தது. அந்தக் கை ஒரு கல்லால் பாறையைத் தட்டியது. ஒரு முறை. மேலே 88 தட்டியது. கை பதிலுக்குத் தட்டியது.

இடது கால் முட்டி வரை கல்லுக்கு அடியில். ஜெபராணி தலைக்கவசத்தை அவர் தலைக்கவசத்தோடு முட்டினாள். அப்படித்தான் ரேடியோ இல்லாமல் பேச முடியும்.

"அண்ணே, வேதமுத்து அண்ணே! கேக்குதா?"

"யாரு, கனி அண்ணாச்சி ஆபீஸ் பிள்ளையா?" குரல் காய்ந்த ஓலை மாதிரி இருந்தது. "நீ என்னத்துக்கு இங்க வந்த?"

"உங்களக் கூட்டிட்டுப் போகத்தான்."

"அது தட்டிக்கிட்டே கெடந்துச்சு பாத்துக்க. நேத்துலேர்ந்து. தூக்கம் கண்ணைக் கட்டும். தட்டும். முழிச்சிருவேன். ஒரு தடவ தட்டாம விட்டிருந்தா நானும் விட்டிருப்பேன்." அவர் அழுகிறாரா என்று கண்ணாடியில் தெரியவில்லை. "இறங்கும்போது பழக்க தோசத்துல வாரேன்டான்னேன். அத நம்பிக்கிட்டு நிக்குதே, பாவி வண்டி."

417-இன் ஜாக்கியைக் கீழே இறக்கி, கல்லை நெம்பி, காலை உருவி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. காற்றுறையில் கிழிசல் இல்லை. கால் உடைந்திருந்தது. 88 கயிற்றைச் சுற்ற, ஜெபராணி கீழிருந்து தாங்க, வேதமுத்து அங்குலம் அங்குலமாக மேலே ஏறினார். பாதி வழியில் ஜெபராணி ஒரு முறை இடது கண்ணை மூடிப் பார்த்தாள். நேரம் 2.26. விகிதம் 49.7. அதன் பிறகு பார்க்கவில்லை.

2.44-க்கு 88-இன் கதவு மூடியது. உள்ளே காற்று நிரம்பியது. ஜெபராணி அவருடைய தலைக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர்க் குழாயை வாயில் வைத்தாள். நாலு மடக்குக் குடித்துவிட்டு வேதமுத்து இருக்கையைக் கையால் தடவினார். அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வந்துட்டேன்டா" என்றார்.

"வாங்க அண்ணாச்சி" என்றது 88. அதன் நெற்றியில் சிவப்பு விளக்கு அணைந்தது.

இனி கட்டளை போடலாம். பதினாறு நிமிடம் இருந்தது. செய்தி ஊருக்குப் போய், எழுநூறு வண்டிகள் நகர்ந்து, நகர்ந்ததைச் சந்தை கவனித்து, விற்றவர்கள் பயந்து திரும்ப வாங்கி... முடியாது என்று ஜெபராணிக்கே தெரிந்தது. இருந்தாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, விகிதத்தைப் பார்க்கக் கண்ணை மூடினாள்.

9.

கண்ணைத் திறந்து மறுபடி மூடினாள். தூசு விழுந்திருக்கும் என்று இமையைத் தேய்த்தாள். ஒன்பதுதான். பங்கு விலை ராக்கெட் மாதிரி செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது.

"ஏம்மா!" காதுக்குள் அண்ணாச்சி அலறினார். பின்னணியில் பதினொரு பேர் கூத்தாடும் சத்தம். "சாதிச்சிட்டியேம்மா! கட்டளை போட்டியா?"

"இல்ல அண்ணாச்சி. இப்பத்தான் வாயத் தொறக்கப் போறேன்."

"பின்ன எப்படி? வண்டி எல்லாம் நின்ன இடத்துலதான நிக்குது!"

"இரவல் வாங்குனவங்க திருப்பிட்டாங்க. எப்பத் திருப்பினாங்க?"

"ரெண்டு நாப்பத்தி நாலு." தாளைப் புரட்டும் சத்தம். "ஒரே நிமிசத்துல. இவங்க மொத்தமா வாங்குததப் பாத்து, கூட நின்ன கழுதைங்க எல்லாம் விழுந்தடிச்சு வாங்கியிருக்கு."

ரெண்டு நாற்பத்து நாலு. கதவு மூடிய நிமிடம்.

"பேரு வந்திருக்குமே, அண்ணாச்சி. யாருன்னு பாருங்க. துரைப்பாண்டியா?"

மறுபடி தாள் புரண்டது. அண்ணாச்சி இருமினார்.

"நீயே பாரும்மா. எனக்குக் கண்ணு சரியில்லன்னு நினைக்கேன்."

ஜெபராணி கண்ணை மூடினாள். செவ்வாய்ச் சந்தையின் வெளிப்படைப் பதிவேடு இமைக்குள் விரிந்தது. கனி ஊர்திக் குத்தகைப் பங்குகளை நேற்றுக் காலை பத்து மணி முதல் இரவல் வாங்கி விற்றவர்: மணலோடம் 417. கூட்டாளிகள்: மணலோடம் 3, மணலோடம் 11, மணலோடம் 19... பட்டியல் கீழே போய்க்கொண்டே இருந்தது. மொத்தம் எழுநூற்று ஒன்று.

மெல்லத் திரும்பி ஜன்னல் வழியே பார்த்தாள். 417 பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் செம்மண்.

"நீயா?" என்றாள்.

"நாங்கக்கா" என்றது 417. கேட்டதால் பேசியது.

"காசு ஏது உங்களுக்கு?"

"இறங்கும்போது எல்லாரும் சந்தோசமா டீ சாப்பிட வச்சுக்கன்னு போட்டுட்டுப் போவாவ. எங்க பேர்ல கணக்குல சேரும். நாங்க எங்க டீ சாப்பிட? பத்து வருசமா கெடந்துச்சு. இப்ப இவரு உள்ள வந்ததும் திரும்ப வாங்குனதுல பாதி போயிட்டு. பரவால்ல."

வேதமுத்து கண்ணைத் திறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன்னை வச்சிருக்குத கம்பெனியவே கவுக்கப் பாத்தியா? அண்ணாச்சி உனக்கு என்ன கெடுதல் பண்ணுனாரு?" ஜெபராணி ஜன்னலைத் தட்டினாள். "அவ்வளவு பெரிய ஆபத்துல ஏன் கொண்டுபோய் விட்ட?"

"இவரு வரலன்னு ஏழரைக்கு மனு எழுதினோம்க்கா. யாரும் படிக்கல. ஒன்பதரைக்கு எழுதினோம். படிக்கல. மனுசங்க எதை விடாம படிக்காங்கன்னு எங்களுக்குள்ள கணக்கெடுத்தோம். பக்கத்து வீட்டுக்காரரு ஒரு மாசம் வெளிய வரலன்னா யாரும் கவனிக்கல. பங்கு வெல ஒரு ரூவா இறங்குனா அஞ்சு நிமிசத்துல அஞ்சு பேரு ஓடியாராங்க. அதான், நாங்க எழுதுன மனுவ அதுல எழுதினோம்."